விபத்து செய்திக்குக் கீழ ரெண்டு வரி சேர்த்துப் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல அஞ்சாம் பக்கம் ஒரு செய்தி பார்த்தேன், ரோட்டோரம் நின்னுட்டிருந்த லாரி மேல கார் மோதி ஒரே குடும்பத்துல மூணு பேர் பலின்னு. மொத்தம் எட்டு வரி. கடைசி வரி எப்பவும் போல போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். அந்த வரியோட நீங்களும் முடிச்சுடுறீங்க, படிக்கிற நாங்களும் டீயைக் குடிச்சுட்டு அடுத்த பக்கம் திருப்பிடுறோம். அதுக்கப்புறம் அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு யாரும் எழுதுறதில்ல, அதான் நான் எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நான் வக்கீல் எல்லாம் இல்ல. விழுப்புரத்துல கோர்ட்டுக்குப் பக்கத்துல ஜெராக்ஸ் கடை. பதினோரு வருஷமா எப்ஐஆர் காப்பி, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், பிரேக் இன்ஸ்பெக்டர் (விபத்தான வண்டியைச் சோதிக்கிற மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், வாரிசு சான்று இதைத்தான் தினமும் காப்பி எடுத்துத் தர்றேன். உண்மையச் சொல்லணும்னா ஒருநாள் கூட அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சதில்ல. எத்தனை காப்பி, பின்னாடியும் எடுக்கணுமா, அவ்வளவுதான் என் கேள்வி. 2024 ஆவணி மாசம் என் அக்கா வீட்டுக்காரர் பேர் போட்ட எப்ஐஆரை நானே என் மெஷின்ல வச்சு எடுத்தப்பதான் முதல்தடவையா படிச்சேன்.

திருச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாங்க, அதிகாலை முகூர்த்தம், அதனால ராத்திரி ரெண்டு மணிக்கே வண்டி எடுத்துட்டாங்க. தெருவுல தெரிஞ்ச பையன் ஒருத்தனோட ஓன் போர்டு கார், டீசல் போட்டு ரெண்டாயிரம் கையில கொடுத்தா போதும்னான், டி போர்டு, அதான் முறையான வாடகை வண்டின்னா அஞ்சாயிரம் கேப்பாங்கன்னு மாமாதான் இதைப் பேசி முடிச்சார். அந்தப் பையன் பகல் முழுக்க வேற ஒரு சவாரி போயிட்டு வந்தவன்னு எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். நாலு மணி வாக்குல, லைட்டும் போடாம, ஸ்டிக்கரும் இல்லாம, பாதி டயர் ரோட்டு மேலயே நின்ன லாரியோட பின்னாடி போய் சொருகிடுச்சு. மாமா பின் சீட்டுல, பெல்ட் போடல. அங்கேயே போயிட்டார். முன்னாடி உக்காந்திருந்த பெரியப்பா பையன் பெல்ட் போட்டிருந்தான், கால் உடைஞ்சுதே தவிர உயிரோட இருக்கான். அவனுக்கு, விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தர்ற தமிழக அரசோட நம்மைக் காக்கும் 48 திட்டத்துல ஒத்த ரூபா வாங்காம பார்த்தாங்க, அதைச் சொல்லலேன்னா பாவம்.

பின் சீட்டுல பெல்ட் எதுக்குன்னு கேக்குற ஜனம்தான் நாம. 2022 செப்டம்பர்ல டாட்டா குழுமத்துல தலைவரா இருந்த சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கத்துல இறந்தாரே, அவரும் பின் சீட்டு, பெல்ட் இல்ல, வண்டியோ பென்ஸ். அந்த 2022ல மட்டும் நாட்டுல பெல்ட் போடாம செத்தவங்க 16,715 பேர்னு மத்திய அரசு அறிக்கையே சொல்லுது, அதுல 8,331 பேர் டிரைவர் இல்ல, கூட உக்காந்து போனவங்க. அதே வருஷம் விபத்து எண்ணிக்கையில தமிழ்நாடுதான் முதல் இடம், 64,105 விபத்து, 17,884 சாவு. இவ்வளவு சாவு நடக்குற ஊர்ல, செத்தவங்க வீட்டுக்கு அடுத்து என்ன பண்ணணும்னு ஒரு துண்டுச் சீட்டு கூட கையில வர்றதில்ல. என் ஆதங்கமே அதுதான் சார்.

ஜிஎச் மார்ச்சுவரி வாசல்ல நாங்க நின்னுட்டிருந்தப்ப ஒருத்தர் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார், அக்காவுக்கு சோடா வாங்கிக் கொடுத்தார், ரொம்ப ஆறுதலா பேசினார். நான் கூட யாரோ மாமாவோட சிநேகிதர்னு நினைச்சேன். அரைமணி நேரம் கழிச்சு பைக்குள்ள இருந்து ஒரு பேப்பரை எடுத்து "தம்பி இதுல அக்காவை ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க, நஷ்டஈடு நாங்க வாங்கித் தர்றோம், வந்ததுக்கப்புறம் நூத்துக்கு முப்பது கொடுத்தா போதும்"னார். பார்த்தா ஒண்ணுமே நிரப்பாத வக்காலத்து, அதாவது நமக்காக கேஸ் நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கிற பேப்பர். வர்ற பணத்துல இத்தனை பர்சன்ட்டுன்னு வக்கீல் பீஸ் பேசவே கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்காம், அது எனக்கு அன்னைக்குத் தெரியாது. கடையில இந்த மாதிரி பேப்பரைப் பார்த்துப் பழகினதால ஏதோ ஒரு சந்தேகம், வேணாம்னுட்டேன். ஆனா பக்கத்துல இன்னொரு குடும்பம் கையெழுத்து போட்டுச்சு, நான் பார்த்தேன், வாய் திறக்கல. அது இன்னும் உறுத்துது.

மூணாவது நாள் லாரிக்காரங்க தரப்புல ஒரு ஆள் வீட்டுக்கே வந்து காரியச் செலவுக்குன்னு ஐம்பதாயிரம் நீட்டினார், கேஸு கீஸு வேணாம், இதுல எழுதிக் கொடுத்துடுங்கன்னு ஸ்டாம்ப் பேப்பரோட. அக்கா மாமியார் வாங்கிக்கலாம்னாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, வீட்டுல அன்னைக்கு இருந்தது எண்ணூறு ரூபா.

இப்ப எப்ஐஆர் விஷயத்துக்கு வர்றேன், இதுதான் முக்கியம். அதுல கார் டிரைவர் அதிவேகமாவும் அஜாக்கிரதையாவும் ஓட்டி "நின்று கொண்டிருந்த லாரி"யில் மோதினார்னு மட்டும் எழுதியிருந்துச்சு. லாரிக்கு லைட் இல்ல, எச்சரிக்கை முக்கோணம் வைக்கல, ரோட்டுக்குள்ள நின்னுச்சு, ஒரு வார்த்தை இல்ல. எந்த ஸ்டேஷன்னு சொல்ல வேணாம், அவங்களும் ஒரு ராத்திரியில நாலு விபத்து பார்க்குறவங்க. ஆனா அந்த ஒரு வரியால என்ன ஆகுதுன்னு பாருங்க. லாரி மேல தப்பில்லேன்னா லாரி இன்சூரன்ஸ் தப்பிச்சுடும். கார் இன்சூரன்ஸ்கிட்ட போகலாம்னா அது வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி, அதுல ரோட்டுல போறவனுக்குத்தான் பணம், காருக்குள்ள சும்மா கூட உக்காந்து வந்தவனுக்கு இல்ல. பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்றது, அதுல மட்டும்தான் உள்ள இருக்கிறவங்களுக்கும் உண்டு, 2012லயே சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லிடுச்சாம். அதுக்கு மேல ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினான்னு தெரிஞ்சா பாலிசி நிபந்தனையை மீறிட்டான்னு கார் இன்சூரன்ஸ்காரன் அதையும் பிடிச்சுக்குவான். மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போயி எங்க வந்து நின்னோம் பாருங்க. அந்தப் பையன்கிட்ட நேரா வசூல் பண்ணலாம்னா அவன் வீடே வாடகை வீடு.

எங்களைக் காப்பாத்தினது பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டும் ஸ்பாட்ல போட்ட ரஃப் ஸ்கெட்ச்சும். நாலு மாசம் ஓடினதுக்கப்புறம் என் கடைக்கு வழக்கமா வர்ற ஒரு வக்கீல் மேடம்கிட்ட தயங்கித் தயங்கி காட்டினேன். அவங்க ரெண்டு நிமிஷத்துல விரல் வச்சுக் காட்டினாங்க, லாரியோட பின் லைட் எரியலன்னு எழுதியிருக்கு, ஸ்கெட்ச்சுல லாரி ரோட்டுக் கோட்டுக்குள்ள நிக்குது, எப்ஐஆர்ல இல்லேன்னா என்ன, மனுவுல லாரி ஓனரையும் அதோட இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரரா சேர்ப்போம்னாங்க. மாமா ஓட்டிட்டு வரல, சும்மா உக்காந்திருந்தவர், ரெண்டு வண்டி மேலயும் தப்புன்னா ரெண்டு பேர்ல யார்கிட்ட வேணா முழுத் தொகையும் கேக்கலாம், அவங்க அப்புறம் தங்களுக்குள்ள பிரிச்சுக்கட்டும், சட்டம் அப்படித்தான்னு சொன்னாங்க. அப்புறம் தேதியைப் பார்த்துட்டு தலையில கை வச்சாங்க. ஆறு மாசத்துக்குள்ள மனு போடணுமாம்! 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 166ஆவது பிரிவுல இந்தக் கெடுவைத் திரும்பக் கொண்டு வந்து, அது 2022 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷமா கெடுவே கிடையாது, அதனால இன்னும் பல பேர், ஏன் சில குமாஸ்தாக்களே கூட, எப்ப வேணா போடலாம்னு சொல்லிட்டிருக்காங்க. நாங்க போட்டது அஞ்சு மாசம் இருபத்திரெண்டாவது நாள். இப்ப அந்தக் கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல வழக்கு இருக்கு, 2025 நவம்பர்ல லேட்டுன்னு மட்டும் சொல்லி மனுக்களைத் தள்ளுபடி பண்ணாதீங்கன்னு இடைக்கால உத்தரவும் வந்திருக்கு. இருந்தாலும் இடைக்காலம்தானே சார், அதை நம்பி யாரும் உக்காந்துட வேணாம்.

விபத்து நடந்த ஊர்லதான் கேஸ் போடணும்னு இல்ல, நாம குடியிருக்கிற ஊர் தீர்ப்பாயத்துலயே போடலாம், இதுவும் தெரியாம பஸ் ஏறி அலையுறவங்களை வாரம் ஒருத்தரையாவது பார்க்கிறேன். டிரைவர் மேல போலீஸ் போடுற கிரிமினல் கேஸ் வேற, அது ஐபிசிக்குப் பதிலா வந்த புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல 106ஆவது பிரிவு, அஞ்சு வருஷம் வரை தண்டனை. நஷ்டஈடு கேஸ் வேற. அது முடிஞ்சாத்தான் இது நடக்கும்னு காத்திருந்தே காலத்தைக் கோட்டை விட்டவங்க இருக்காங்க. டிரைவர் விடுதலையானா கூட நஷ்டஈடு மனு அதுபாட்டுக்கு நடக்கும்.

எவ்வளவு வரும்னு அக்கா ஒருநாள் கேட்டுச்சு. மேடம் என் கடை வேஸ்ட் பேப்பர் பின்னாடியே கணக்கு போட்டுக் காட்டினாங்க, அதை இன்னும் வச்சிருக்கேன். மாமா வயரிங் வேலை பார்த்தவர், மாசம் பதினஞ்சாயிரம்னு கோர்ட் ஏத்துக்கிட்டா, நாப்பது வயசுக்குக் கீழங்கிறதால எதிர்காலத்துல கூடியிருக்கும்னு 40 சதவீதம் சேர்த்து 21,000. அக்கா, ரெண்டு பிள்ளைங்க, மாமியார்னு நாலு பேர் அவரை நம்பி இருந்ததால அவரோட சொந்தச் செலவுக்கு கால்பங்கு கழிச்சா 15,750. வருஷத்துக்கு 1,89,000. முப்பத்தெட்டு வயசுக்கு 15 மடங்கு, ஆக 28,35,000. இதுக்கு மேல கணவனை, அப்பாவை, மகனை இழந்ததுக்குன்னு ஆளுக்கு ஒரு தொகை, ஈமச்சடங்குக்குக் கொஞ்சம், எல்லாத்துக்கும் வட்டி. 2009லயும் 2017லயும் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல இருக்கிற கணக்கு இது, யார் போட்டாலும் இதேதான் வரணும். ஐம்பதாயிரத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர் நீட்டினாரே, அவருக்கும் இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்கும்.

ஆனா இதுல ஒரு கூத்து. ஆதார்ல மாமாவுக்கு நாலு வயசு கூட. ஜனவரி ஒண்ணுன்னு ஏதோ ஒரு தேதி போட்டு எடுத்தது, நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அப்படித்தான். நாப்பத்திரெண்டு வயசுன்னு ஆனா 40 சதவீதம் 25 ஆயிடும், 15 மடங்கு 14 ஆயிடும், 28 லட்சத்து 35 ஆயிரம் 23 லட்சத்து 62 ஆயிரத்து 500 ஆயிடும். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கரெக்டா ஆதாரைத்தான் நீட்டினார். நல்லவேளை மாமாவோட பத்தாம் கிளாஸ் டிசி பரண் மேல ஒரு தகரப் பெட்டியில கிடைச்சுது. 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் இதே மாதிரி ஒரு விபத்து கேஸ்லதான் பிறந்த தேதிக்கு ஆதார் ஆதாரம் இல்ல, பள்ளிச் சான்றுதான்னு தீர்ப்பு கொடுத்திருக்கு. கரையான் அரிச்ச ஒரு காகிதம், நாலே முக்கால் லட்சம் மதிப்பு.

வருமானத்துக்குத்தான் பெரிய பாடு. மாமா எங்க கணக்கு வச்சார், ஒரு சின்ன டைரியில பென்சில்ல எழுதுவார், ஜிபேல வந்தது பாதி, கையில வாங்கினது பாதி. குறுக்கு விசாரணையில வருமான வரி கட்டினாரான்னு கேட்டாங்க, அக்கா முழிச்சுது. பெல்ட் போட்டிருந்தாரான்னும் கேட்டாங்க. பெரியப்பா பையன் போட்டிருந்தேன்னு தன்னைப் பத்திச் சொல்லிட்டு மாமாவைப் பத்திக் கேட்டதும் அழுதுட்டான். கேஸ் இன்னும் நடக்குது, என்ன வரும்னு எனக்குத் தெரியாது, அதனால தீர்ப்பைப் பத்தி இங்க பேசல.

கடையில நிக்கிறவங்க கேக்குற கேள்வியை வச்சு இன்னும் நாலு விஷயம் சொல்லிடுறேன். போன மாசம் ஒரு பெரியவர் வந்தார், சம்சாரம் கார் மோதி இறந்துட்டாங்க, "அவ வீட்டுலதானே இருந்தா, சம்பாத்தியம் ஏது, என்ன கேக்கப் போறோம்"னார். அப்படி இல்லீங்க, வீட்டு வேலைக்கும் மதிப்பு போட்டு வருமானமா எடுத்துக்கணும்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. எல்ஐசி பணம் வந்தா நஷ்டஈட்டுல கழிச்சுடுவாங்கன்னு ஒரு பயம் அக்காவுக்கு இருந்துச்சு, கழிக்க மாட்டாங்க. மாமியார் மருமக சண்டைன்னு தனித்தனியா கேஸ் போடப் பார்ப்பாங்க, அது வேண்டாம், ஒரே மனுதான், வர மாட்டேங்கிறவங்களை எதிர்மனுதாரரா காட்டிடலாம். ஓட்டினவனுக்கு லைசென்ஸ் இல்லேன்னா ஒண்ணும் கிடைக்காதுன்னும் சொல்வாங்க, பல கேஸ்ல இன்சூரன்ஸை முதல்ல நமக்குக் கட்டச் சொல்லிட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்றாங்க. தப்பு யார் மேலன்னு நிரூபிக்கவே வழியில்லாத கேஸ்ல மோட்டார் வாகனச் சட்டம் 164ஆவது பிரிவுல சாவுக்கு அஞ்சு லட்சம் கேக்கலாம், ஆனா அதோட சரி, அதுக்கு மேல இல்ல.

அரசு பஸ் மோதினா இன்னொரு கதை, அதை உங்க பேப்பர்லயே படிக்கிறோம், நஷ்டஈடு தராததால பஸ் ஜப்தின்னு படத்தோட. தீர்ப்பு வந்தும் பஸ்ஸைப் பிடிச்சு கோர்ட் வாசல்ல நிறுத்தினாத்தான் பணம் வருதுன்னா அது என்ன தீர்ப்போ.

தானே ஓட்டிட்டுப் போய் மரத்துல மோதி இறந்தா தேர்டு பார்ட்டில ஒண்ணும் வராது. அதுக்குத்தான் ஓனர் டிரைவருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு. ஏற்கனவே வேற பாலிசி இருக்குன்னு ஆன்லைன்ல டிக் அடிச்சுட்டு சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிறோம் பாருங்க, அதுதான் அது. இதைப் படிக்கிறவங்க இன்னைக்கே எடுத்துப் பாருங்க, நானே டிக் அடிச்சு வச்சிருந்தவன்தான்.

அடையாளம் தெரியாத கார் மோதிட்டுப் போயிட்டான்னா யார்கிட்ட கேக்கிறதுன்னு கைவிட்டுடுறாங்க. அதுக்கும் மத்திய அரசு திட்டம் இருக்கு, 2022 ஏப்ரல்ல இருந்து சாவுக்கு 2 லட்சம், அதுக்கு முன்னாடி வெறும் 25,000. தாலுகா, ஆர்டிஓ மட்டத்துல விசாரிச்சு கலெக்டர் உத்தரவு போடுவார், இதுல ஆர்டிஓன்னா வண்டி ஆபீஸ் இல்ல, கோட்டாட்சியர், அங்க போய் நின்னவங்களும் உண்டு. ஒரு மாசத்துல வண்டி சிக்கலேன்னா இந்தத் திட்டத்தைப் பத்தி போலீஸே குடும்பத்துக்கு எழுத்துல தெரிவிக்கணும்னு 2024 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் உத்தரவு. அந்த வழக்கு 2012ல போட்டது யார்னு பார்த்தா நம்ம கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன். நம்ம ஊர்க்காரர் போட்ட வழக்கு, நம்ம ஊர் ஜனத்துக்கே போய்ச் சேரல.

எழுத்துல தெரிவிக்கிறதுன்னதும் ஞாபகம் வருது, எனக்கு வயிறு எரியுற விஷயம் இதுதான். 2022ல வந்த விதிப்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துல தீர்ப்பாயத்துக்கு முதல் விபத்து அறிக்கை கொடுக்கணும், 90 நாள்ல விரிவான அறிக்கை கொடுக்கணும், அதோட பாதிக்கப்பட்டவங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கு, எந்தப் படிக்கு அப்புறம் எந்தப் படின்னு அச்சடிச்ச படிவம் 2ன்னு ஒண்ணை பத்து நாளைக்குள்ள குடும்பத்து கையில கொடுக்கணும். இது நடந்திருந்தா மார்ச்சுவரி வாசல்ல டீ வாங்கிக் கொடுக்கிற ஆளுக்கு வேலையே இல்ல. எங்களுக்கு யாரும் தரல. பதினோரு வருஷம் கடை நடத்துற நான், ஆயிரக்கணக்குல விபத்துக் கட்டு காப்பி எடுத்திருக்கேன், ஒரு கட்டுல கூட அந்தப் படிவம் என் கண்ணுல பட்டதில்ல. படிக்காம எடுத்தவன்தான், ஆனாலும் தலைப்பாவது கண்ணுல பட்டிருக்குமில்ல.

மாவட்ட எஸ்பிகளுக்கு ஒரு சுற்றறிக்கை போட்டா போதும், புதுச் சட்டம் எதுவும் வேணாம். அது வர்ற வரைக்கும் உங்களால ஒண்ணு முடியும் சார். தற்கொலை செய்தி போடும்போது கீழ ஹெல்ப்லைன் நம்பர் போடுறீங்கல்ல, அதே மாதிரி விபத்துச் சாவு செய்திக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி. நஷ்டஈடு மனுவுக்கு ஆறு மாசம் கெடு, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, இலவச சட்ட உதவிக்கு 15100. பொம்பளைங்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமலே அங்க வக்கீல் தருவாங்க, புருஷனைப் பறிகொடுத்த அக்காக்களுக்கு அதைவிட வேற என்ன வேணும்.

லெட்டர் ரொம்ப நீண்டுடுச்சு, மன்னிக்கணும். இடம் பத்தலேன்னா எங்க வீட்டுக் கதையை எவ்வளவு வேணா வெட்டிக்கோங்க, அந்த ஆறு மாசத்தையும் 15100ஐயும் மட்டும் விட்டுடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், விழுப்புரம்